கம்ப்யூட்டர் விட்ட கண்ணீர்

"குற்றவாளி யாருன்னு எனக்குத் தெரியும். ஆதாரத்தை மட்டும் நீங்க எடுத்துக் குடுத்தா போதும்" என்றார் அப்பாதுரை.

"அப்ப எங்களுக்குப் பாதி வேலைதான் சார்" என்றான் ராஜவேல். "மேடம், திரும்பறப்ப காலாப்பட்டுல எறங்கி மீன் வாங்கிட்டே போயிடலாம்."

லீமா அவன் பக்கம் திரும்பவில்லை. பாண்டிச்சேரியில் அவள் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் ராஜவேல்தான் உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டுபவன், டீ வாங்கி வருபவன். அதற்கு முன் வானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராக இருந்தான். சென்டரை மூடிவிட்டார்கள். வாயை மட்டும் யாராலும் மூட முடியவில்லை.

"யாரு அந்தக் குற்றவாளி?" என்று கேட்டாள் லீமா.

"ஆஷ்லின்னு ஒரு பொண்ணு. மாதா கோயில் தெரு. ரெண்டு வருஷமா இந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து எனக்குக் கணக்கு எழுதினா, மெயில் அனுப்பினா. நம்பி விட்டேன்."

"என்ன எடுத்துட்டா?"

"எடுத்திருந்தா பரவாயில்லியே மேடம்! கெடுத்துட்டா."

அப்பாதுரை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். மாசி வெயிலில் அவருடைய மரக்காணம் உப்பளம் கண்ணைக் குத்தியது. சுனாமி கொண்டுவந்து போட்ட சேற்றை வாரிவிட்டுப் புதிதாகக் கட்டிய பாத்திகள். கரையில் உப்புக் குவியல்கள். அலுவலக வாசலை ஒட்டி நாலைந்து பெண்கள் சாக்குகளில் உப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருஷத்து உப்பு மொத்தத்தையும் ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனி எடுத்துக்கறேன்னுது. ரேட்டை இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள மெயில்ல அனுப்பணும். அவங்க கிட்ட பதிஞ்சு வெச்சிருக்கற மெயில்லேர்ந்துதான் வரணுமாம். போன்ல சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. நான் அனுப்பலன்னா இன்னொருத்தன் அனுப்பிடுவான், நடராசன்னு. இந்த ஆஷ்லினோட அண்ணன் மேத்யூ யாருகிட்ட லாரி ஓட்டறான்? அதே நடராசன்கிட்ட! ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுதானே மேடம்?"

"பக்கத்துல பக்கத்துல வெச்சா பதினொண்ணு சார்" என்றான் ராஜவேல்.

"ராஜவேல்."

"சும்மா இருக்கேன் மேடம்."

அப்பாதுரை தொடர்ந்தார். "சனிக்கெழமை ஒரு சிடியைக் கொண்டாந்து போட்டா. உள்ள இருக்கற கர்னலோ ஜெனரலோ, அதை மாத்தறேன்னா. மாத்தினா. அதோட, போன் லைன்ல மெயிலை அனுப்பற மோடம் செத்துப்போச்சு. போன் லைன் நல்லா இருக்குது, கம்ப்யூட்டரும் எரியுது, ஆனா மெயில் மட்டும் போகமாட்டேங்குது. நேத்து இதே வாசல்ல, எல்லாரு முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டுட்டேன். நீ திருடின்னுட்டேன். அழுதுக்கிட்டே போயிட்டா. இன்னிக்கு அஞ்சு மணி தாண்டட்டும், நேரா ஸ்டேஷன்தான். கேஸ் விழுந்துச்சுன்னா இந்த ஜில்லாவுல அவளுக்கு எவன் வேலை குடுக்கறான்னு பாக்கறேன்."

லீமா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று.

"திண்டிவனம் போய் ஒரு பிரௌசிங் சென்டர்லேர்ந்து அனுப்பிட வேண்டியதுதானே?"

"மெயிலோட பாஸ்வேர்டு அவளுக்குத்தான் தெரியும்."

"கேட்டா சொல்லுவாளே."

"நானா? போய், அவகிட்டயா?" அப்பாதுரையின் மீசை துடித்தது.

"வேணாம் சார், கௌரவம் அஞ்சு மணிக்கு அப்புறமும் இருக்கும். ஆர்டர்தான் இருக்காது" என்றான் ராஜவேல்.

அப்பாதுரை அவனை முறைத்துவிட்டு, லட்சுமி படத்துக்குக் கீழே இருந்த மரக் கல்லாப்பெட்டியைத் திறந்தார். உள்ளே கைக்குட்டையில் பொதிந்து ஒரு சிடி. "சாட்சி. என் கையே படாம எடுத்து வெச்சிருக்கேன்."

லீமாவின் பார்வை சிடிக்குப் பக்கத்தில் நின்றது. சாயம் போன மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. கல்லைப் போல இறுகிக் கிடந்தது. அதைச் சுற்றிப் பெட்டியின் ஆணிகள் துருப்பிடித்திருந்தன.

"இது என்ன?"

"போன வருஷத்து முதல் உப்பு. பருவத்துல முதல்ல வாரற உப்புல ஒரு கை எடுத்து, மஞ்சத் துணியில முடிஞ்சு பெட்டியில வெப்போம். அப்பா காலத்துலேர்ந்து வழக்கம். அதை விடுங்க மேடம், சிடியைப் பாருங்க."

"இந்த வருஷம் வார ஆரம்பிச்சாச்சா?"

"வியாழக்கெழமை சாயங்காலமே. நீங்க உப்பு வாங்க வந்தீங்களா, துப்பு துலக்க வந்தீங்களா?"

லீமா சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினாள்.

ராஜவேல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். மேஜைமேல் நெட்டுக்குத்தாக நின்ற பெட்டி. அதன் தலையில் சந்தனப் பொட்டு. பட்டனைத் தட்டினான். திரை எழுந்ததும் இரண்டு வரிகள் கொண்ட பட்டியல் வந்தது.

"ஓ, லினக்ஸா? சார், விண்டோஸ் வாங்கலியா?"

"பாண்டியில வித்தவன், இது சும்மாவே வருதுன்னான்."

"சும்மா வர்றதை மாப்பிள்ளையா எடுத்தா வீட்டோடதான் வெச்சுக்கணும். மேடம், இங்க பாருங்க. ரெண்டு கர்னல் இருக்குது. ஒண்ணு பழசு, ஒண்ணு அந்தப் பொண்ணு போட்ட புதுசு."

"தமிழ்ல சொல்லு."

"கர்னல்னா மேஸ்திரி மேடம். உள்ள இருக்கற ஆளுங்க எல்லாரையும் வேலை வாங்கறவரு. கீபோர்டு, மானிட்டர், மோடம் எல்லாம் கூலி ஆளுங்க. இந்த மோடம் கொஞ்சம் அடம். அதோட பாஷை தெரிஞ்ச மேஸ்திரி சொன்னாத்தான் கேக்கும். அந்தப் பாஷைக்குப் பேரு டிரைவர். பழைய மேஸ்திரிக்குத் தெரியும். புது மேஸ்திரிக்கு யாராச்சும் சொல்லிக் குடுக்கணும்."

"அவ சொல்லிக் குடுக்கல. அதான் சதி!" என்றார் அப்பாதுரை.

"அது சதின்னா பழைய மேஸ்திரியைக் கூப்பிட்டா விஷயம் முடிஞ்சுது சார். அவரு இங்கதான் இருக்காரு, யாரும் அவரை அனுப்பல." ராஜவேல் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தான். எழுத்துகள் சரசரவென்று ஓடின. முகத்திலிருந்த சிரிப்பும் அவற்றோடு ஓடிப்போனது.

"என்னடா?"

"ஒரு நிமிஷம் மேடம்." மறுபடி அணைத்துப் புதியதைக் கிளப்பினான். மறுபடி பழையது. நாற்காலியில் சாய்ந்தான். "வேடிக்கையா இருக்குது. புது மேஸ்திரிக்குப் பாஷை தெரியலன்னா என்ன சொல்லணும்? 'ஒருத்தன் வந்து நிக்கறான், என்ன பேசறான்னு புரியல'ன்னு சொல்லணும். ரெண்டு பேருமே அப்படிச் சொல்லல. 'அந்த எடத்துல ஆளே இல்லை'ங்கறாங்க."

"மோடத்தைக் கழட்டிக்கிட்டே போயிட்டாளா!" அப்பாதுரை எழுந்துவிட்டார்.

லீமா பெட்டியின் பின்பக்கம் குனிந்தாள். "போன் ஒயர் மோடத்துலதான் சொருகியிருக்கு. ஆள் நிக்கறாரு. ஆனா ரெண்டு மேஸ்திரி கண்ணுக்கும் தெரியல."

"மயக்கம் போட்டு விழுந்திருப்பாரு மேடம்" என்ற ராஜவேல் சட்டென்று கையைத் தூக்கினான். "சே! சட்டையெல்லாம் ஈரம். இங்க யாரு தண்ணி கொட்டினது?"

"அவதான் கொட்டியிருப்பா" என்றார் அப்பாதுரை.

"நேத்து போன பொண்ணு கொட்டின தண்ணி, இந்த வெயில்ல இன்னிக்கு வரைக்கும் காயாம இருக்குமா?" என்று கேட்டாள் லீமா. அப்போது வீட்டுப் பக்கத்து உள்கதவு திறந்து, மோர் டம்ளர்களோடு அப்பாதுரையின் மனைவி அம்சவள்ளி வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கம்மா. குடி தம்பி."

லீமா டம்ளரை வாங்கிக்கொண்டாள். "உள்ள வீட்டுலயும் ஒரு போன் இருக்குதா ஆண்ட்டி?"

"இருக்குதே. இதே லைன்தான். இங்க அந்தப் பொண்ணு மெயில் அனுப்பினா அங்க கிணிங்குனு ஒரு தட்டு தட்டும். தெரியாம எடுத்துட்டேன்னு வெச்சுக்க, காதுக்குள்ள கோழி கத்தற மாதிரி கத்தும். இங்கேர்ந்து ஆஷ்லின் 'ஆண்ட்டி, வைங்க, வைங்க'ன்னு கத்தும்."

"ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி தட்டும்?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"கடைசியா எப்பத் தட்டிச்சு?"

அம்சவள்ளி யோசித்தாள். "வெள்ளிக்கெழமை. அய்யய்யோ, அன்னிக்கு ஓயாமத் தட்டிச்சும்மா! கிணிங், கிணிங், கிணிங். நான் வெளக்கேத்தி முடியறதுக்குள்ள பைத்தியம் புடிச்சுப்போச்சு. அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

ராஜவேல் மோரைக் கீழே வைத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. லீமா அப்பாதுரையைப் பார்த்தாள்.

"சிடி போட்டது என்னைக்குன்னு சொன்னீங்க?"

"சனிக்கெழமை."

"லைன் கிடைக்காம அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப டயல் பண்ணினது வெள்ளிக்கெழமை. உடம்புக்கு வந்தது முந்தின நாள். மருந்து குடுத்தது அடுத்த நாள். நீங்க மருந்து குடுத்தவளைப் புடிச்சுக் கொலைகாரின்னு சொல்றீங்க."

"வெள்ளிக்கெழமையே லைன் கட்டாவுதுன்னு அவளும் சொன்னா. கதைன்னு நெனச்சேன்" என்ற அப்பாதுரை உடனே சுதாரித்துக்கொண்டார். "அப்ப வெள்ளிக்கெழமையே ஏதோ பண்ணியிருக்கா!"

"ஏதோ நடந்திருக்கு. அது நெசம்." லீமா மேஜையில் இருந்த ஈரத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"மேடம்! மோர்தான் இருக்குதே!"

"கரிக்குது ராஜவேல்."

பெட்டியின் அடி விளிம்பில் ஒரு துளி திரண்டு நின்றது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜையில் விழுந்தது.

"கம்ப்யூட்டர் அழுவுது மேடம்" என்றான் ராஜவேல் மெதுவாக. "என் சர்வீஸ்ல ஜனங்கதான் கம்ப்யூட்டர் முன்னாடி அழுது பார்த்திருக்கேன்."

"அப்பாதுரை சார், நீங்க கொஞ்சம் ருசி பாருங்க."

"நானா?"

"இந்த ரூம்ல உப்பைப் பத்திச் சொல்லத் தகுதி உள்ளவரு நீங்க ஒருத்தர்தான்."

அந்தப் பாராட்டுக்கு மறுப்புச் சொல்ல அவரால் முடியவில்லை. விரலைத் தொட்டு நாக்கின் நுனியில் வைத்தார். கண்ணை மூடினார். வாயைச் சப்புக்கொட்டினார். எத்தனையோ வியாபாரிகள் முன்னால் அவர் அப்படிச் செய்து விலை பேசியிருப்பார் என்று தெரிந்தது.

"நம்ம அளத்து உப்பு" என்றார். "புதுசு. வாரி ஒரு வாரம்கூட ஆகல. நுனியில கசக்குது பாருங்க, அந்தக் கசப்பு வடிய நாளாவும். பழைய உப்பு இப்படிக் கசக்காது." சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கண்ணைத் திறந்தார். "இது எப்படி இதுக்குள்ள?"

"கழட்டு ராஜவேல்."

மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு நான்கு திருகாணிகளைக் கழற்றினான். பக்கத் தகடு விலகியது. மோடம் அட்டையின் மேல், மெத்தையில் படுத்த குழந்தை மாதிரி, புத்தம் புதிய மஞ்சள் துணி முடிச்சு ஒன்று சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. கடல் காற்றை உறிஞ்சிக் கசிந்து, அட்டையை நனைத்து, அடித் தகடு வழியே சொட்டிக்கொண்டிருந்தது. மோடம் சொருகும் இடமெல்லாம் பச்சைப் பச்சையாய்ப் பூத்திருந்தது.

"மயக்கமில்ல மேடம்" என்றான் ராஜவேல். "ஊறுகாய்."

"பாத்தீங்களா! உப்பை வெச்சு மெஷினைக் கெடுத்திருக்கா!" அப்பாதுரை உற்சாகமாகக் கத்தினார். "ஆதாரம் கெடைச்சுட்டுது! தம்பி, தொடாதே, இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும்."

"சார்" என்றாள் லீமா. "கல்லாப்பெட்டியில போன வருஷத்து முடிச்சு இருக்கு. வியாழக்கெழமை வாரின இந்த வருஷத்து முதல் உப்பு எங்க?"

அப்பாதுரை வாயைத் திறந்தார். கல்லாப்பெட்டியைப் பார்த்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். கடைசியாக, மிகவும் மெதுவாக, உள்கதவைப் பார்த்தார்.

அம்சவள்ளி காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் வெச்சேன்."

"அம்சா!"

"பின்ன? கணக்கு, ஆர்டரு, ரேட்டு எல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள போயிட்டுது. மரப்பொட்டியில என்ன இருக்குது, உங்க மூக்குப்பொடி டப்பா! அதுக்கு எதுக்கு லட்சுமி காவல்? வெள்ளிக்கெழமை காலையில பொட்டு வெச்சேன், கற்பூரம் காட்டினேன். பின்னாடி கதவில்லாத ஜன்னலாட்டம் ஒரு சந்து இருந்துது. உள்ள தள்ளி விட்டேன். நல்லதுக்குத்தான் வெச்சேன்!"

"அந்த ஜன்னலுக்கு ஒரு தகரம் இருக்கணும். வித்தவன் அதையும் சும்மா விட்டுட்டான்" என்றான் ராஜவேல்.

"உப்பு கசியும்னு உனக்குத் தெரியாதா?" என்று அதட்டினார் அப்பாதுரை.

"முப்பது வருஷமா மரப்பொட்டியில வெச்சேன். பொட்டி எனக்கு மெயிலா அனுப்பிச்சு, நின்னுபோறதுக்கு?" அம்சவள்ளியின் குரல் உடைந்தது. "அந்தப் பொண்ணை நீங்க வாசல்ல நிக்க வெச்சுத் திட்டினப்போ நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். என் கையால வந்த வெனைன்னு அப்பத் தெரியலியே." தட்டை மேஜையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் போய் அவளைக் கூட்டியாறேன்."

"வெயில்ல நீ எதுக்கு?"

"உங்களுக்குத்தான் கால் வராதே."

வாசல் பெண்கள் வழிவிட, அம்சவள்ளி செருப்புகூடப் போடாமல் மாதா கோயில் தெருப் பக்கம் நடந்தாள்.

ராஜவேல் ஏற்கெனவே மோடத்தைக் கழற்றியிருந்தான். "சார், லாரி பேட்டரிக்கு ஊத்தற தண்ணி இருக்குதா? பென்சில் அழிக்கற ரப்பர் ஒண்ணு?"

"அழிச்சா போயிடுமா?"

"சில தப்பு போயிடும் சார்."

பேட்டரித் தண்ணீரில் அலசினான். தொட்டில் குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்தி வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் ஒரு சாக்கின்மேல் கிடத்தினான். மரக்காணத்து வெயில் தன் வேலையைச் செய்தது. பிறகு அட்டையின் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்தான். பச்சை உதிர்ந்து மஞ்சள் மின்னியது. பெட்டிக்குள்ளும் துடைத்து, அட்டையைப் பொருத்திப் பழைய கர்னலைக் கிளப்பினான்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

"மேஸ்திரி என்னடா சொல்றாரு?"

"'ஆள் வந்துட்டான்'ங்கறாரு மேடம்!"

அப்பாதுரை பெருமூச்சு விட்டார். ஆனால் மணி நாலரை தாண்டியிருந்தது. வாசலில் நிழல் தட்டியது.

ஆஷ்லின். இருபத்திரண்டு வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது. நிமிர்ந்துதான் நின்றாள். அம்சவள்ளி அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"சிடி எதுக்கும்மா போட்டே?" என்று கேட்டாள் லீமா.

"லைன் கட்டாகிட்டே இருந்துது மேடம். டிரைவர்தான் கோளாறுன்னு நெனச்சேன். புது கர்னல்ல சரியாவும்னு கம்ப்யூட்டர் புஸ்தகத்தோட வந்த சிடியைப் போட்டேன். அப்புறமும் வரல. பொட்டியைத் திறந்து பாக்கணும்னு கேட்டேன். வாரண்டி போயிடும், தொடாதேன்னுட்டாரு மொதலாளி."

"தொட்டிருந்தா நாங்க வந்தே இருக்க மாட்டோம்" என்றான் ராஜவேல். "வானூர்ல என்கிட்ட படிச்சவங்க ஒருத்தரும் இந்த அளவுக்கு யோசிச்சதில்ல."

"ஆஷ்லின்" என்றார் அப்பாதுரை, லட்சுமி படத்தைப் பார்த்துக்கொண்டு. "நேரம் ஆவுது. உக்காரு. பாஸ்வேர்டைப் போடு."

ஆஷ்லின் உட்கார்ந்தாள். முன்பே ரேட் எழுதி வைத்திருந்த மெயிலைத் திறந்தாள். பாஸ்வேர்டைத் தட்டினாள். டயல் செய்யும் பெட்டி திரையில் வந்து நின்றது. அவள் விரல் எண்டர் பட்டனுக்கு மேல் நின்றது. கீழே இறங்கவில்லை.

"என்னம்மா?"

"என்னைத் திருடின்னு எங்க நின்னு சொன்னீங்க மொதலாளி?"

அப்பாதுரை தொண்டையைச் செருமினார். "அது... ஒரு வேகத்துல..."

"வாசல்லதானே? சாக்கு கட்டற அக்காங்க எல்லாரும் கேட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரே கேட்டுது. எங்கண்ணன் நேத்து சாப்பிடல. இல்லைன்னு சொல்றதையும் அங்கயே சொல்லுங்க."

சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

அப்பாதுரை மனைவியைப் பார்த்தார். அவள் உள்வீட்டுக்குப் போய், போன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து உதவி வராது. லீமாவைப் பார்த்தார். லீமா மோர் குடித்தாள்.

படியில் போய் நின்றார். "ஆஷ்லின் மேல தப்பில்ல" என்றார்.

சாக்கு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கினாள். "கேக்கல மொதலாளி! காத்து!"

"ஆஷ்லின் மேல தப்பில்லேன்னேன்!"

"இன்னா இல்ல?"

"தப்பு! நான் சொன்னதுதான் தப்பு! அந்தப் பொண்ணு திருடி இல்ல! போதுமா?" கடற்காற்றையும் தாண்டி அந்தக் குரல் பாத்திகள் வரைக்கும் போயிற்று. தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஷ்லின் எண்டரைத் தட்டினாள்.

உள்வீட்டில் கிணிங் என்றது. பிறகு பெட்டியிலிருந்து கீச்சென்று ஒரு கத்தல், கரகரவென்று ஒரு இருமல், நீண்ட ஒரு ஓலம். அப்பாதுரை அந்த இரைச்சலை நாகஸ்வரம் கேட்பவர்போலக் கண்மூடிக் கேட்டார். திரையில் ஒரு பட்டை மெல்ல நகர்ந்து நிறைந்தது.

"போயிடுச்சு" என்றாள் ஆஷ்லின்.

அம்சவள்ளி போனைவிட்டு எழுந்து வந்தாள். ஆஷ்லின் புது மஞ்சள் முடிச்சை எடுத்து மரக் கல்லாப்பெட்டியில் வைத்தாள். தன் சிடியை எடுத்துக்கொண்டாள்.

"ஆண்ட்டி, சாமி இங்கயே இருக்கட்டும். அங்க வேணாம்."

"நாளைக்கு வருவியாம்மா?" என்று கேட்டார் அப்பாதுரை. குரல் இறங்கியிருந்தது.

"வர்றேன். புது கர்னலுக்கு டிரைவர் செஞ்சு போடணும். வேலை பாதியில நிக்குது."

"மறுபடியும் மேஸ்திரியை மாத்தப் போறியா!"

ஆஷ்லின் சிடியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அவர் படியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"சரி, மாத்து" என்று முணுமுணுத்தார்.

வெளியேயிருந்து அதே குரல் வந்தது. "கேக்கல மொதலாளி!"